கைராசிக்காரியின் நன்றியுரை

மலாக்கா மாநிலத்து மக்களைப் போலப் பெருமனம் படைத்தவர்களை நான் கண்டதில்லை. மாநிலத்தில் இருப்பவை மூன்றே மாவட்டங்கள். மலாக்கா தெங்கா, அலோர் காஜா, ஜாசின் மூன்றிலும் என் எண்ணெய்க் குப்பி போகாத தோட்டம் சில இருக்கலாம். என்னைப் புகழாத தாமான் குடியிருப்பு ஒன்றுகூட இல்லை. "அக்கா கை வெச்சா வலி பறந்திடும்." "உங்க கையில அம்மன் இருக்கா." "இந்தக் கைராசிக்கு வெலையே போட முடியாதுக்கா." கடைசியாகச் சொன்னதை அவர்கள் சொல்லோடு விட்டுவிடவில்லை, செயலிலும் காட்டினார்கள். விலை போட முடியாத ஒன்றுக்கு எப்படி விலை கொடுப்பது?

இத்தனை ஆண்டுகளாகப் புகழை வாங்கி வைத்துக்கொண்டு பதிலுக்கு ஒன்றும் செய்யாமல் இருப்பது நன்றி கொன்ற பாவம். கையில் வேறு கையிருப்பு இல்லாததால், வாங்கிய நாணயத்திலேயே கடனை அடைக்கிறேன்.

என் தொழில் எண்ணெய் போட்டு உடம்பு பிடிப்பது. சுளுக்கு எடுப்பேன், வர்மப் புள்ளிகளைத் தூண்டுவேன், நொச்சி இலை ஒத்தடம் கொடுப்பேன், பிள்ளை பெற்றவளுக்கு வயிற்றுக்கட்டுப் போடுவேன். சொந்தத் தொழில். முதலாளியும் நானே, கிராணியும் நானே, துண்டு துவைப்பவளும் மைவி காரை ஓட்டுபவளும் நானே. 2025 பிப்ரவரியிலிருந்து நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. என் முதலாளி பல மாதங்களில் அதைப் பின்பற்றுவதில்லை. புகார் கொடுக்கலாம்தான், முகத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

முதலில் கணக்கில் புலிகளை வணங்குகிறேன். ஒரு மணி நேரத்துக்கு 60 வெள்ளி என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். அதைப் படித்த மாத்திரத்தில் அவர்களுக்கு அரசாங்க கிளினிக் நினைவுக்கு வந்துவிடும். "அங்கேயே ஒரு வெள்ளிதானேக்கா. டாக்டரும் பாக்குறாரு, மருந்தும் குடுக்குறாங்க." நூற்றுக்கு நூறு உண்மை. குடிமக்களுக்கு அரசாங்க கிளினிக்கில் புறநோயாளிக் கட்டணம் 1 வெள்ளி. நிபுணரைப் பார்த்தால் 5 வெள்ளி. மீதிச் செலவை நாட்டின் கருவூலம் ஏற்றுக்கொள்கிறது. என் கருவூலம் ஒரு பழைய மைலோ டின். இரண்டையும் சமமாகப் பாவித்து ஒரே தராசில் வைத்தார்களே, இந்த மரியாதையை எந்த நிதியமைச்சரும் எனக்குத் தந்ததில்லை.

இதே கணித மேதைகள் மகளின் கல்யாண ஒப்பனைக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கும்போது கிளினிக்கை நினைப்பதில்லை. உடைந்த கைப்பேசித் திரையை மாற்றும்போதும் நினைப்பதில்லை. மலாக்காவின் தனியார் மருத்துவமனைகளுக்குச் சுமத்ராவிலிருந்து கப்பலேறி நோயாளிகள் வருகிறார்கள். அங்கே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து பில் நீளும்போது நம்மவர்களும் வாய் திறக்காமல் கட்டிவிட்டு வருகிறார்கள். எங்கே பேச வேண்டும், எங்கே பேசக் கூடாது என்று தெரிந்தவர்கள். குறை என்னிடம்தான். நான் இன்னும் கண்ணாடித் தடுப்புப் போடவில்லை.

அந்த 60 வெள்ளிக்குள் கடை வாடகை, தண்ணீர், மின்சாரம், பெட்ரோல், துண்டு, படுக்கை விரிப்பு, வணிகப் பெயரைப் பதிந்து வைக்க ஆண்டுக்கொரு முறை கட்டும் 60 வெள்ளி, நகராண்மைக் கழக உரிமம் எல்லாம் அடக்கம். இவையெல்லாம் அவர்கள் கண்ணில் படுவதில்லை. எண்ணெய் மட்டும் தெளிவாகப் படும். "ஒரு போத்தல் நல்லெண்ண என்னா வெல வித்துடும்?" என்று கேட்பார்கள். கையை அவர்கள் செலவுக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அம்மன் குடியிருக்கும் கைக்கு வாடகை கேட்பது அபசாரமல்லவா?

அடுத்து, காலத்தை வென்றவர்களுக்கு என் வணக்கம். ஆறு மணிக்கு வருவதாகச் சொல்லி எட்டு மணிக்கு வருவார்கள். வரும்போது "மழை" என்பார்கள். மலாக்காவில் மழை அவர்களுடைய தாமானில் மட்டும் பெய்யும். சிலர் வருவதே இல்லை. அந்த ஒரு மணி நேரத்தை எனக்கு ஓய்வாகத் தானம் செய்துவிட்டு, தானத்தை வெளியே சொல்லக் கூடாது என்று போனையும் அணைத்துவிடுவார்கள். வருகிறவர்கள் தனியாக வருவதில்லை. ஒருவருக்குப் பேசிய நேரத்தில் மூன்று பேர் வருவார்கள். "எனக்கு முடிச்சிட்டு அம்மாவுக்கு லேசா ஒரு தடவு தடவி விடுங்கக்கா. தம்பிக்குக் கழுத்து மட்டுந்தான்." குடும்ப ஒற்றுமை நம் இனத்தில் அழிந்துவிட்டது என்று மேடையில் பேசுபவர்கள் ஒரு சனிக்கிழமை மாலை என் கடைக்கு வந்து பார்க்கட்டும்.

இரவு பதினொன்றரைக்குப் புலனத்தில் ஒரு முழங்காலின் படம் வரும். கூடவே மூன்று கேள்விக்குறிகள். பதில் போடாவிட்டால் காலையில் இன்னும் மூன்று. கல்யாண மண்டபத்தில் பந்திக்கு உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர் தோளை என் பக்கம் சாய்ப்பார். மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலில் அன்னதான வரிசையில் நின்றால், முன்னால் நிற்பவர் வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டுவார். "சும்மா பாத்துச் சொல்லுங்கக்கா." அந்த முதல் சொல்லை அவர்கள் மிகத் துல்லியமாகப் பயன்படுத்துகிறார்கள். முருகன் சந்நிதியில் வைத்தியம் பார்த்தால் புண்ணியம் என்றும் எடுத்துச் சொல்வார்கள். என் புண்ணியக் கணக்கு இப்போது ஏழு பிறவிக்குத் தாங்கும். இந்தப் பிறவியின் மாதக் கடைசிதான் கொஞ்சம் இழுபறி.

என் தொழிலின் எல்லையை விரிவாக்கத் துடிக்கும் ஆண்களையும் விட்டுவிட முடியாது. உடம்பு வலிக்கு மட்டும் என்று பலகையில் கொட்டை எழுத்தில் இருந்தாலும், ஒரு பெண் உடம்பு பிடிக்கும் தொழில் செய்கிறாள் என்றதும் நள்ளிரவில் என் கைப்பேசி எண்ணைத் தேடிப்பிடித்து, "வேற என்னென்ன சர்வீஸ் இருக்கு?" என்று கேட்கிறார்கள். தமிழ்ச் சமூகத்தில் தொழில்முனைவோரை ஊக்குவிப்பார் இல்லை என்று இனி யார் சொல்ல முடியும்? காலையில் இவர்களில் சிலர் கோயில் நிர்வாகக் கூட்டத்தில் பண்பாட்டைக் காப்பதாகக் கேள்வி. இரவும் பகலும் உழைக்கிறார்கள்.

தோட்ட நிர்வாகங்களுக்கு ஒரு கும்பிடு போடாமல் போனால் தொழிலுக்கே துரோகம். 1896இல் டான் சே யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டு, மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டத்தைத் தொடங்கினார். கூடவே எனக்கும் ஒரு தொழிலை நட்டுவைத்தது அவருக்குத் தெரிந்திருக்காது. பால் மரத்தில் வெட்டு நெஞ்சுயரத்துக்கு மேலே தொடங்கும். வெட்ட வெட்டக் கீழே இறங்கும். பட்டை இறங்க இறங்க வெட்டுகிறவரின் முதுகும் இறங்கும். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரை பிடித்து, மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்து, பிறகு காண்டா வாளியைத் தோளில் சுமந்து ஸ்டோருக்கு நடந்தவர்களின் பிள்ளைகள் காலத்தில் செம்பனை வந்தது. நீண்ட கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, நாள் முழுவதும் அண்ணாந்து பார்த்து, இருபது கிலோவையும் தாண்டும் குலையை அறுத்துத் தள்ள வேண்டும். தாய் தகப்பனுக்கு முதுகு, பிள்ளைக்குக் கழுத்து. ஒரே வலியைத் தலைமுறை தலைமுறையாகப் பட்டுச் சலித்துவிடக் கூடாது என்ற அக்கறை!

தோட்டம் துண்டாடப்பட்டுத் தாமானும் தொழிற்பேட்டையும் ஆனபோது நிர்வாகம் லயத்து வீட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டது. முழங்கால் வலியை மட்டும் திருப்பிக் கேட்கவில்லை. வெறுங்கையோடு அனுப்பினார்கள் என்று யாரும் பழி சொல்லிவிடாதபடி, ஆயுளுக்கும் கூட வரும் ஒன்றைக் கொடுத்தனுப்பினார்கள். அந்தத் தோள்களும் இடுப்புகளும்தான் இன்று மெர்லிமாவிலிருந்தும் தெபோங்கிலிருந்தும் பூலாவ் செபாங்கிலிருந்தும் என் மேசைக்கு வருகின்றன.

இந்தக் கூட்டத்தில் உலக நடப்பே தெரியாத ஒருவரும் இருக்கிறார். அவரை நாலு வார்த்தை கடிந்துகொள்ளாமல் இருக்க முடியாது. கெமண்டோர் பக்கம் பால் வெட்டி ஓய்ந்த பாட்டி. சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே பேரனின் மோட்டாரில் வந்து இறங்கிவிடுவார். படுத்து எழுந்ததும் விரிப்பைத் தாமே மடித்து வைப்பார். சுருக்குப் பையைப் பிரித்து வெள்ளியை எண்ணிக் கையில் வைத்து, "சரியா இருக்கான்னு பாரும்மா" என்பார். பாட்டியாயிற்றே, கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன் என்றால் கோபம் வந்துவிடும். "எங்க கூலியத்தான் காலமெல்லாம் எவனெவனோ கொறைச்சான். ஒங் கூலிய ஏம்மா நீயே கொறைக்கிற?" புகழத் தெரியாது. கைராசி, அம்மன், தெய்வம் என்று ஒரு சொல் வராது. எப்படி இருக்கிறது என்று கேட்டால் "பரவால்ல" என்பதோடு சரி. இப்படிப் பிழைக்கத் தெரியாதவர்களால்தான் மாதாமாதம் வாடகை கட்டும் கெட்ட பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது.

என் துறையின் மேதைகளுக்கு வருகிறேன். அவர்கள் முன் நான் தூசு. ஹோட்டல் மண்டபத்தை வாடகைக்கு எடுப்பார்கள். ஆளுயரப் பதாகை வைப்பார்கள். பெயருக்கு முன்னால் டாக்டர் போடுவார்கள். மருத்துவராகப் பதிவு பெறாதவர் டாக்டராகக் காட்டிக்கொள்வதை 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டம் குற்றமாக்குகிறது; அது சட்டத்தின் குறுகிய மனம். ஔவை தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் நெய் பூசி மாலை சூட்டிய வேல்களைக் கண்டு மெச்சினாளாம். இந்த மண்டபத்துச் சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்கும் சான்றிதழ்களைக் கண்டிருந்தால் இன்னொரு பாட்டும் பாடியிருப்பாள்.

மலேசியாவில் 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் ஒன்று உண்டு. நீரிழிவு, புற்றுநோய், இருதய நோய், சிறுநீரக நோய், பக்கவாதம், மலட்டுத்தன்மை என்று 20 கோளாறுகளைப் பட்டியல் போட்டு, இவற்றைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது. மேதைகள் அந்தச் சட்டத்தை என்னைவிட நன்றாகப் படித்தவர்கள். எதையெதைக் குணமாக்குவதாகச் சொல்ல வேண்டும் என்று தனியாக யோசித்துச் சிரமப்படாமல், அந்தப் பட்டியலையே பதாகையில் ஏற்றிக்கொள்கிறார்கள். என்னிடம் அறுபது வெள்ளியை ஐம்பதாக்கப் போராடிய அதே அண்ணன், அங்கே எண்ணூறு வெள்ளியைச் சில்லறை கேட்காமல் எடுத்து வைக்கிறார். "அவரு நேரா விஷயத்துக்கு வர்றாருக்கா. 'சக்கரையா? மூணு மாசம்'னு சொல்லிட்டாரு." நான் விஷயத்துக்கு வராதவள். "சக்கரைக்கு நான் ஒன்றும் செய்ய முடியாது, மாத்திரையை நிறுத்தாதீர்கள், தோளை மட்டும் பார்க்கிறேன்" என்பவள். 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி இந்நாட்டு வயது வந்த இந்தியரில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இவ்வளவு பெரிய சந்தையைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு தோளைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்றால் என் வணிக மூளையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேதைகள் தரும் தூள் இன்னும் அற்புதம். முறையாகப் பதிந்த மருந்துப் பொட்டலத்தில் 'மால்' என்று தொடங்கும் எண்ணும் மினுங்கும் ஒட்டுவில்லையும் இருக்கும். பாரம்பரிய மருந்தென்றால் அந்த எண் 'டி' என்ற எழுத்தில் முடியும். இவர்களுடைய பொட்டலத்தில் அத்தகைய கிறுக்கல் எதுவும் இருக்காது. முனிவர் படம் மட்டும். பத்து வருட மூட்டு வலி இரண்டே நாளில் போய்விடும். போகாமல் என்ன செய்யும்? டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு கலந்த 'பாரம்பரிய' மருந்துகளைச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. சாப்பிடச் சாப்பிட முகம் பௌர்ணமி நிலாவாக உருண்டு வரும். "ஆள் பூரிச்சிட்டீங்களே!" என்று ஊரே வாழ்த்தும். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சேர்ந்து பூரிப்பது வெளியே தெரியாது.

பூரித்து முடித்த பிறகு என்னிடம் வருவார்கள். ஒரு காலில் மட்டும் ஆடுசதை வீங்கிச் சூடாக இருக்கும். உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். பிடித்து உருவினால் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம் என்பதால் கையை வைக்காமல், "உடனே மருத்துவமனைக்குப் போங்க" என்பேன். சர்க்கரையால் உணர்ச்சி மரத்துப்போன பாதத்துக்குச் சூட்டு ஒத்தடம் கேட்பார்கள். சூடு தெரியாமல் தோல் வெந்து, புண்ணாகி, விரலை எடுப்பதில் போய் முடியும் என்று மறுப்பேன். தொழிலில் நான் கற்றதிலேயே உருப்படியானது, எங்கே கை வைக்கக் கூடாது என்பதுதான். அதற்கு நான் கட்டணம் வாங்குவதில்லை. அவர்கள் என் பெயரை வாங்கிவிடுவார்கள். "அவங்களுக்கு ஒண்ணும் தெரியல. கையக்கூட வைக்கல." கைராசி அன்றோடு வேறு தெருவுக்குக் குடிபோய்விடும். பிடித்துவிட்டவள் கைராசிக்காரி, பிழைக்க வைத்தவள் ஒன்றும் தெரியாதவள். இந்தத் தீர்ப்பின் நுட்பத்தை மெச்ச என்னிடம் சொற்கள் இல்லை.

அரசாங்கமும் என்னைக் கைவிடவில்லை. 2016இல் வந்த சட்டம் 775 பாரம்பரிய, துணை மருத்துவத்துக்குத் தனி மன்றம் அமைத்து ஏழு துறைகளை ஏற்றுக்கொண்டது. இந்தியப் பாரம்பரிய மருத்துவம் அவற்றில் ஒன்று. அதற்கு முன்பே, 2007இல், கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில் தொடங்கி அரசாங்க மருத்துவமனைகளிலேயே இதற்கான பிரிவுகள் திறக்கப்பட்டன. ஆகவே யார் பதிந்தவர், யார் பதியாதவர் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. என் வாடிக்கையாளர்கள் அதைவிட ஆழமாக விசாரிப்பவர்கள். எந்தத் தோட்டத்துப் பிள்ளை, யார் மகள், என்ன நட்சத்திரம், ஏன் இன்னும் இரண்டாவது பிள்ளை இல்லை என்று எல்லாவற்றையும் கேட்பார்கள். எங்கே படித்தாய் என்று மட்டும் கேட்டு என்னைச் சங்கடப்படுத்தியதில்லை. கைராசி பிறவியில் வருவது. படிப்பை இழுத்தால் அதற்குக் கூலி கொடுக்க வேண்டிய நிலை வந்துவிடுமோ என்ற தொலைநோக்கு.

இப்போது என் கட்டைவிரல் அடிமூட்டு வலிக்கிறது. உடம்பு பிடிப்பவர்களுக்கு வரும் வலிதான். நாள் முழுக்க அழுத்தும் மூட்டு தேய்கிறது. சொந்தத் தொழில் செய்வோருக்கான சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பாதுகாப்பு 2017இல் டாக்சி ஓட்டுநர்களோடு தொடங்கி, 2020 ஜனவரியில் 20 துறைகளுக்கு விரிந்தது. மாதம் 13 வெள்ளி 10 காசு கட்டும் திட்டமும் அதில் உண்டு. கட்டி வருகிறேன். வாடிக்கையாளர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "ஒங்க கைக்கு ஒண்ணும் வராதுக்கா, அது தெய்வக் கை" என்று ஆறுதல் சொல்லிவிட்டு, இடுப்பில் இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடிக்கச் சொன்னார். தெய்வத்துக்கு மூட்டுத் தேய்மானம் கிடையாது, விடுப்பு கிடையாது, சம்பளமும் கிடையாது. என்னை எவ்வளவு உயரத்தில் தூக்கி வைத்தார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. அந்த உயரத்தில் சாப்பாட்டுக் கடை எதுவும் இல்லை.

என் சொந்தக்காரர்கள் இந்தப் பட்டியலில் இல்லை என்று வருந்த வேண்டாம். "வீட்லதான இருக்கே, வேலைக்கா போறே?" என்று கேட்டு என் உழைப்பைப் பொழுதுபோக்காக உயர்த்தியவர்கள் அவர்கள்தான். அவர்களுக்குத் தனியாக ஒரு தொகுதி எழுத வேண்டும்.

இதைப் படித்து மெச்சுகிறவர்கள் வாய் நிறைய மெச்ச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். என்னிடம் வைக்க இடமில்லை. கடைச் சுவரில், பணம் செலுத்துவதற்கான டூயிட்நவ் கியூஆர் அட்டையைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். மாட்டிய நாளிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்க்கிறார்கள். சட்டம் ரொம்ப அழகாக இருக்கிறதாம், எந்தக் கடையில் வாங்கினேன் என்று கேட்கிறார்கள்.